கோணல் ஆணியில் தொங்கிய வண்டி

அம்மாவும் மகளும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, சமையலறைத் தொட்டியில் மூன்று சேஸிஸ்களைக் கழுவியது. மார்லிஸ் பழைய பல் துலக்கும் பிரஷில் சோடா மாவைத் தொட்டுத் தேய்த்தாள். காரின் துணியால் துடைத்து ஜன்னல் விளிம்பில் வைத்தாள். பற்றவைக்கும்போது பூசிய அமிலம் ஒரு சொட்டு மிஞ்சினாலும் பித்தளையில் பச்சை பூக்கும், எஃகுக் கம்பி துருவேறும். அந்த வீட்டில் சாப்பிட்ட தட்டு கழுவாமல் கிடந்தாலும் கிடக்கும், சேஸிஸ் கிடக்காது.

ஒவ்வொன்றும் உள்ளங்கை நீளம். இரண்டு பித்தளைத் தகடு, நாலைந்து கம்பி, முன்னே ஓர் அச்சு, பின்னே ஓர் அச்சு, மூக்கில் ஒரு நாக்கு. அதன்மேல் மோட்டாரும் பிளாஸ்டிக் கூடும் ஏறினால் பந்தய வண்டி. பலகைத் தடத்தில் வெட்டிய பள்ளத்துக்குள் நாக்கை நுழைத்து, கையிலுள்ள விசையை அழுத்தினால் கண்ணை ஏய்த்துவிட்டு ஓடும். ஷெபாய்கன் ஊரில் பௌலிங் கூடத்துக்குப் பின்னால் அப்படி ஒரு தடம் உண்டு. சனிக்கிழமை மார்லிஸைத் தேடுகிறவர்கள் வேறெங்கும் போக வேண்டியதில்லை.

"எந்த ஜிக்கு வாங்கட்டும், சொல்லு" என்றாள் மார்லிஸ்.

ஜிக் என்பது வரிசையாகத் துளை போட்டு ஊசி நட்ட கட்டை. ஊசிகளுக்கு நடுவே அச்சையும் கம்பியையும் அடுக்கிப் பற்றவைத்தால் எதுவும் அசையாது. கட்டை நேர் என்றால் வண்டி நேர். கட்டை கோணினால் வண்டியும் கோணும்.

"அலுமினியம் வாங்கேன்" என்றாள் காரின்.

"அது சூட்ட எல்லாம் குடிச்சிரும். பத்தவைக்கிற அயர்ன வச்சுக்கிட்டு நான் ஜெபமாலை சொல்ல வேண்டியதுதான்."

"அப்ப ஸ்டீலு."

"நல்லா நிக்கும். ஆனா அமிலம் பட்டா துரு. எண்ணெய் போட்டு, தொடச்சு, தாலாட்டுப் பாடணும். உன்னயே நான் அப்படி வளக்கல."

"உங்க கிளப்புல டுவேன் விக்கிறானே, நகத்தி வைக்கிற ஜிக்கு? எந்த நீளத்துக்கும் சரியா வருமாமே."

"திருகு வச்சது எதுவும் ஒரு நாள் லூசாகும். டுவேனையும் சேத்துத்தான் சொல்றேன்."

காரின் சிரித்தாள். "பழசுக்கு என்னம்மா கேடு?"

மார்லிஸ் பிரஷைத் தொட்டியில் போட்டாள். "அது கோணிப்போச்சாம். துளையெல்லாம் தளந்துபோச்சாம். அது இல்லன்னா..." என்று தண்ணீருக்குள் இருந்த கையை வெளியே எடுத்துப் பார்த்தாள். "இது. இதுக்கு வாரண்டி எப்பவோ முடிஞ்சிருச்சு."

"குடு, நான் ஆபீஸ்ல அளந்து பாக்கறேன்."

"நீ அளந்து அது நேர்னு வந்துட்டா? வேண்டாம்டி. புதுசு வாங்கிட்டா யாரு மேல தப்புன்னு தெரியாமயே போயிரும். அது நல்லது."

அந்த வியாழக்கிழமை மளிகைக் கடை வாசலில், சாமான் வண்டியைப் பிடித்தபடியே மார்லிஸ் சாய்ந்தாள். இதயம். ஆம்புலன்ஸ் வந்தபோது அவர்களுக்கு வேலை இருக்கவில்லை. அதைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது.

அடக்கம் முடிந்து சர்ச்சின் கீழ்த்தளத்தில் சாப்பாடு. பன்னுக்குள் பன்றித்தொடை, உருளைக்கிழங்கு சாலட், தண்ணீராய்க் காப்பி. பந்தயக் கிளப்பில் வண்டிகளைச் சோதித்து ஓடவிடும் அதிகாரம் உள்ள டுவேன், நரைத்த மீசையைத் துடைத்துக்கொண்டு காரினிடம் வந்தான்.

"உங்கம்மா தங்கம், கண்ணு. கடைசில கை கொஞ்சம் தளந்துருச்சு, பாவம். நாங்க யாரும் அதப் பெருசு பண்ணல."

"எதப் பெருசு பண்ணல?"

"வண்டியெல்லாம் கோணல் கோணலா வந்துச்சுல்ல. கொண்டாந்தது ஒண்ணுகூட என் ஜிக்குல உக்காரல. ஆணில மாட்டவேண்டியதாப் போச்சு. சிரிச்சுக்கிட்டேதான் மாட்டுனோம், கோவமா ஒண்ணும் இல்ல."

கோணல் ஆணி அந்தக் கிளப்பின் வழக்கம். டுவேனின் ஜிக்கில் வைத்துப் பார்க்கும் சோதனையில் தோற்ற வண்டியை நூலில் கட்டி, கல்லாவுக்கு மேலே சுவரில் அடித்திருக்கும் ஆணியில் தொங்கவிடுவார்கள். உடையவர் எல்லோருக்கும் ஒரு சுற்று பீர் வாங்கிக் கொடுத்தால்தான் இறக்கலாம். வேறு எவனாவது தொங்கவிடப்பட்டால் வருஷத்துக்கு ஒரு முறை. மார்லிஸ் அந்த வசந்தகாலம் முழுக்கத் தொங்கவிடப்பட்டாள். பீர் வாங்கிக் கொடுத்து, வண்டியை வீட்டுக்கு எடுத்துப் போய், பிரித்து, திரும்பக் கட்டி, திரும்பவும் ஆணி. ஆணியைப் பற்றிக் காரினிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"இன்னும் ஒண்ணு தொங்குது" என்றான் டுவேன். "அது அப்படியே கெடக்கட்டும், ஞாபகமா. அவ பழைய ஜிக்கையும் குடுத்தீன்னா பக்கத்துல மாட்டிரலாம். 'சேவை முடிந்து ஓய்வில்' அப்படின்னு ஒரு சீட்டு ஒட்டி. பசங்க ரசிப்பாங்க."

கையிலிருந்த சாலட்டை அவன் சட்டையில் கொட்டாமல் காரினைத் தடுத்தது, பக்கத்தில் பாதிரியார் நின்றது ஒன்றுதான்.

அன்று வீட்டுக்குக் காரை ஓட்டிப் போகிற வழியெல்லாம் அவளுக்குள் ஒரே கொதிப்பு. கை தளர்ந்ததாம். யாருடைய கை?

கீல் என்ற ஊர்ப் பக்கத்துப் பால்பண்ணையில் பிறந்த கை அது. ஊருக்கு முதன்முதலாக பள்ளத்தில் ஓடும் இந்த ஸ்லாட் கார்களுக்குத் தடம் வந்தபோது, கல்லாவில் நின்று விசைகளை வாடகைக்குக் கொடுத்த பெண் மார்லிஸ். ஆள் வராத நேரத்தில் உடைந்த வண்டிகளைப் பற்றவைத்துப் பழகினாள். பிறகு அவளே கட்டினாள். வாங்கிப் போனவர்கள், "யார் கட்டினது, உன் ஆளா?" என்று கேட்டார்கள். அப்போது அவளுக்கு ஆளே கிடையாது.

தடம் மூடிய பிறகு ரேடியேட்டர் தொழிற்சாலைக்குப் போனாள். பித்தளைக் குழாய்களைப் பற்றவைக்கும் வரிசையில் இருபத்தெட்டு வருஷம். அவளிடம் தொழில் கற்ற மூன்று பேர் அவளுக்கே மேற்பார்வையாளர்களாக வந்தார்கள். அவளுக்கு ஓய்வு பெறும் அன்று ஒரு மேசை விளக்கு கிடைத்தது. அதன் ஒயர் உள்ளே விட்டுப்போயிருந்தது. பற்றவைத்தாள்.

நடுவில் பால் டேங்கர் ஓட்டும் ரேயைக் கட்டிக்கொண்டாள். ரேக்குப் பல்ப் மாற்றத் தெரியாது. பௌலிங் கூடத்துக்குப் பின்னால் தடம் திரும்பவும் வந்தபோது, மார்லிஸ் பழைய பாணி பித்தளை வண்டிகளை எடுத்துப் போனாள். அங்கேயும் அதே கேள்வி: "ரே கட்டினதா?"

"ஆமா, தூக்கத்துல கட்டுனாரு" என்பாள் மார்லிஸ். "முழிச்சிருந்தா அவருக்கு வராது."

ரே இறந்தபிறகுதான் அந்தக் கேள்வி நின்றது. செத்தவன் கட்டியிருக்க முடியாது என்ற அளவுக்காவது ஷெபாய்கன்காரர்கள் நியாயவான்கள்.

அப்படிப்பட்டவளைத்தான் கை தளர்ந்தவள் என்று டுவேன் சொன்னான். அவள் நம்பவும் நம்பினாள். காரினுக்கு எரிந்தது அதுதான். ஆயுள் முழுக்க எவன் சொன்னதையும் நம்பாதவள், கடைசியில் இவன் சொன்னதைப் போய் நம்பினாள்.

காரின் வேலை செய்வது அளவுக்கருவிகளைச் சரிபார்க்கும் கூடத்தில். மற்றவர்கள் எதைக் கொண்டு அளக்கிறார்களோ, அது யோக்கியமா என்று பார்ப்பது அவள் பிழைப்பு. திங்கட்கிழமை அம்மாவின் பழைய ஜிக்கையும், ஜன்னல் விளிம்பில் காய்ந்துகிடந்த மூன்று சேஸிஸ்களையும் எடுத்துப்போனாள்.

ஜிக்கின் துளைகள் உண்மையிலேயே தளர்ந்திருந்தன. ஊசியைச் செருகினால் ஆடியது. ஆனால் கட்டையோடு ஒரு தடித்த ரப்பர் பேண்டும் இருந்தது. வேலை தொடங்குமுன் மார்லிஸ் எல்லா ஊசிகளையும் அதனால் பின்பக்கம் இழுத்துக் கட்டிவிடுவாள். துளை எவ்வளவு தளர்ந்தாலும் ஊசி ஒரே ஓரத்தில்தான் ஒட்டி நிற்கும். காரின் சின்னப் பிள்ளையிலிருந்து பார்த்த காட்சி. அந்த ரப்பரைப் போட்டு இழுத்துக் கட்டிவிட்டு அளந்தாள். பிறகு சேஸிஸ்களை அளந்தாள்.

மூன்றும் நேர். ஒரு தலைமுடியை நாலாகக் கிழித்தால் வரும் கனம்கூடக் கோணல் இல்லை.

அழுகை வரும் என்று கதவைச் சாத்திக்கொண்டாள். வந்தது ஆத்திரம். வண்டி நேர் என்றால், அதைக் கோணல் என்று சொன்ன கட்டைதான் கோணல். அதைத் தவிர வேறு வழியில்லை. அதை அந்தப் பௌலிங் கூடத்தில், அந்த மனிதர்கள் கண்ணெதிரே காட்டி, ஆணியிலிருந்து அம்மாவின் வண்டியை இறக்காமல் அவள் ஓயப்போவதில்லை.

சனிக்கிழமை காலை கூடத்துக்குள் நுழைந்தபோது, டயருக்குப் பூசும் எண்ணெயின் தைல வாசனை முகத்தில் அடித்தது. அம்மாவின் கோட்டில் எப்போதும் இருக்கும் வாசனை. காரின் மூக்கைத் துடைத்துக்கொண்டு நேரே கல்லாவுக்குப் போனாள். அங்கே இடத்துக்குச் சொந்தக்காரியான கோனி ரொட்டிகளை இரண்டாக வெட்டிக்கொண்டிருந்தாள். அவள் தலைக்கு மேல் ஆணி. ஆணியில் மார்லிஸின் சேஸிஸ், கூடு இல்லாமல், சக்கரம் இல்லாமல், நூலில் மெல்லச் சுற்றியது.

"வா காரின்" என்றாள் கோனி. "எதாவது சாப்பிடறியா?"

"அப்புறம். டுவேன் எங்க?"

டுவேன் சோதனை மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். எதிரே அவனுடைய ஜிக், பளபளப்பாக. ஊசி நட்ட சின்னக் கட்டைகள் தண்டவாளத்தில் நகரும். வேண்டிய இடத்தில் திருகை இறுக்கினால் நிற்கும். கிளப்பில் பாதிப் பேர் அவனிடம் அதே ஜிக்கை வாங்கியிருந்தார்கள். ஒவ்வொன்றையும் அவனே இதைப் பார்த்துச் சரிசெய்து கொடுத்திருந்தான்.

"ஜிக்கக் கொண்டாந்தியா கண்ணு?" என்றான்.

"ஒரு கேள்வி கேக்க வந்தேன். இத எத வச்சு செட் பண்ணுனீங்க?"

டுவேன் நெஞ்சை நிமிர்த்தினான். "என் மில்வாக்கி வண்டிய வச்சு. அந்த ஊர்ப் போட்டில கப்பு வாங்கின வண்டி. அத இதுமேல உக்கார வச்சு, கட்டைங்கள ஒட்டுனாப்ல நகத்தி, திருக இறுக்குனேன். ஜெயிச்ச வண்டிய விட நேரான வண்டி எது இருக்கு?"

"அந்த வண்டி எங்கயாவது மோதிச்சா?"

"எங்க மோதல?" என்று தடத்தின் பக்கமிருந்து ஒரு குரல். "மில்வாக்கி செவுரு இன்னும் ஒத்தடம் குடுத்துக்கிட்டிருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். டுவேனும் சிரித்தான். "மோதினதுக்கு அப்புறமும் ஜெயிச்சேன்ல? அதுக்கென்ன இப்ப?"

"அந்த வண்டிய இதுமேல வைங்க."

மோட்டாரையும் கூட்டையும் கழற்றிவிட்டு வைத்தான். இரண்டு அச்சும் ஊசிகளுக்கு நடுவே டக்கென்று இறங்கின. "பாத்தியா? வெண்ணெய் மாதிரி."

"இப்பக் கவுத்துப் போடுங்க."

"என்னது?"

"மேல் பக்கம் கீழ வர்ற மாதிரி."

"நாங்க சக்கரம் கீழ இருக்கற மாதிரிதான் ஓட்டுவோம், கண்ணு. உங்க ஆபீஸ்ல எப்படியோ."

மறுபடி சிரிப்பு. கோனி ரொட்டிக் கத்தியோடு கல்லாவை விட்டு வெளியே வந்தாள். "போடேன் டுவேன். வீட்டுல பேன்கேக் திருப்பிப் போடறதில்லையா நீ? இல்ல, ஒரு பக்கம் வெந்தாப் போதும்னு தின்றியா?"

டுவேன் கவிழ்த்துப் போட்டான். பின் அச்சு இறங்கியது. முன் அச்சு இறங்கவில்லை. இடது ஊசியில் முட்டிக்கொண்டு நின்றது. விரலால் அழுத்தினான். மறு முனை எழும்பியது.

"அழுத்தாதீங்க" என்றாள் காரின். "நேரான வண்டி எப்படிப் போட்டாலும் நேரா உக்காரும். நிமித்திப் போட்டாலும் சரி, கவுத்துப் போட்டாலும் சரி. இது ஒரு பக்கந்தான் உக்காருது. ஏன்னா செவுத்துல மோதி ஒரு பக்கம் பின்னால போன வண்டி இது. அந்தக் கோணல அப்படியே ஜிக்குல வச்சு இறுக்கிட்டீங்க."

"அப்ப உங்கம்மா வண்டி மட்டும் நேரா?"

"எறக்குங்க, போட்டுப் பாப்போம்."

யாரோ, "வழக்கப்படி மொதல்ல பீரு..." என்று ஆரம்பித்தான். கோனி கத்தியோடு திரும்பிப் பார்த்தாள். அவன் மீதியை விழுங்கிவிட்டான். கோனியே ஸ்டூலில் ஏறி நூலை அறுத்து, வண்டியை மேசையில் வைத்தாள்.

நேராகப் போட்டார்கள். ஜிக்கின் இடது ஊசியில் முட்டியது. கவிழ்த்துப் போட்டார்கள். அதே இடது ஊசியில், அதே அளவு முட்டியது.

"வண்டி பக்கம் மாறிருச்சு" என்றாள் காரின். "ஆனா முட்டற எடம் மாறல. கோணல் வண்டில இருந்தா அதுகூடவே பக்கம் மாறியிருக்கணும். மாறாம எது அங்கயே நிக்குது?"

டுவேன் குனிந்து அந்த ஊசியைப் பார்த்தான். பிறகு ஒருவன் தன் வண்டியின் கூட்டைக் கழற்றினான். அடுத்தவனும் கழற்றினான். டுவேனின் ஜிக்கில் கட்டிய வண்டிகள் எல்லாம் ஒரு பக்கம் உட்கார்ந்தன, மறு பக்கம் முட்டின. ஊரே ஒரே திசையில் கோணிக் கிடந்தது.

"அதான் நான் மூணாவது வளைவுல பறந்துக்கிட்டே இருந்தேன்" என்றான் ஒருவன்.

"நீ பறந்ததுக்குக் காரணம் ஜிக்கு இல்லடா, பீரு."

டுவேன் மீசையைத் தடவினான். "சரி. ஒரு முடி அளவு. அதுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா? எல்லாரும் ஒரே மாதிரி கோணல்னா போட்டி நியாயந்தானே?"

"ஓட்டுங்க. சாகற வரைக்கும் கோணலாவே ஓட்டுங்க, எனக்கென்ன. ஆனா நேரா கட்டினவ ஒருத்திய மட்டும் கை போச்சுன்னு சொன்னீங்களே."

"வெளையாட்டுக்குச் சொன்னதும்மா."

"அவ வெளையாட்டா கேக்கல."

"அவதான் ஒண்ணும் சொல்லலியே. சிரிச்சுக்கிட்டே பீர் வாங்கினா."

"வீட்டுல வந்து கையத் தூக்கிப் பாத்துக்கிட்டு நின்னா" என்றாள் காரின். குரல் உடைந்தது. உடைந்ததற்காக இன்னும் கோபம் வந்தது. "தன் கையயே நம்பாம செத்துப்போனா. நீங்க ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, கவுத்துப் போட்டுப் பாத்திருக்கலாம்ல? உங்க வண்டியா இருந்தா பாத்திருப்பீங்க."

டுவேன் ஜிக்கின் திருகு ஒன்றைத் தளர்த்தினான், திரும்ப இறுக்கினான். மன்னிப்பு என்ற சொல் அவன் வாயில் வரவில்லை. ஜிக்கைத் தூக்கி மேசைக்கு அடியில் வைத்துவிட்டு, காற்று வாங்கப் போகிறவனைப்போல வாசல் பக்கம் போனான்.

கோனி பந்தயத்தில் ஓட்டுகிறவர்களின் பெயர்களை வாசிக்கும் மைக்கை எடுத்தாள். "மார்லிஸ் வண்டி நேரா இருக்கு. அவ கொண்டாந்த அத்தனையும் நேராத்தான் இருந்துச்சு" என்றாள். கூடத்தில் எல்லோரும் கேட்டார்கள். கேட்க வேண்டியவளைத் தவிர.

"இப்ப எத வச்சுடா சோதிக்கிறது?" என்று ஒருவன் கேட்டான். "காரின், உங்கம்மா ஜிக்க ஒரு வாரத்துக்கு..."

"தர மாட்டேன்" என்றாள் காரின். "உங்களுக்கு வேணுங்கிறத நீங்களே தேடிக்குங்க. அவ ஒரு மாசமா தேடுனா, தேவையே இல்லாம."

வண்டியைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். கோனி பின்னாலேயே வந்து, ரொட்டி வைக்கும் காகிதப் பை ஒன்றை நீட்டினாள்.

"இதுல போட்டுக்க. பத்திரம், அது அவளோடது இல்ல."

"பின்ன?"

"எல்ராயோடது. உனக்குத் தெரியாதா? அவளோட அந்தக் காலத்துலேருந்து ஓட்டினவன். போன குளிர்காலத்துல ஸ்ட்ரோக் வந்து வலது கை விழுந்துருச்சு. பிளிமத் முதியோர் இல்லத்துல இருக்கான். அங்க பிங்பாங் மேசமேல சின்னதா தடம் போட்டிருக்காங்க. இடது கையால ஓட்டப் பழகறேன், ஒரு வண்டி கட்டிக் குடுன்னு அவகிட்ட கேட்டிருக்கான்."

"குடுக்க வேண்டியதுதானே?"

"நானும் அதான் சொன்னேன். அவன் அங்க கெழவிங்களோட ஓட்டப்போறான், அவனுக்கு எதுக்குச் சோதனைன்னு. கேட்டாளா? 'பாஸாகாத வண்டிய அவன் கைல குடுக்கமாட்டேன்'னுட்டா. அதுக்குத்தான் வாராவாரம் கொண்டாந்தா."

காரின் பைக்குள் பார்த்தாள். அச்சுகள் மொட்டையாக இருந்தன.

"சக்கரம்?"

"அவன்கிட்ட இருக்கு. டயரு அவனே ஒட்டி, ஒத்தக் கையாலயே தேச்சு வட்டமாக்கி வச்சிருக்கான். வண்டி பாஸானதும் மார்லிஸ் போயி மாட்டிக் குடுக்கறதா பேச்சு." கோனி கைகளை ஏப்ரனில் துடைத்தாள். "அவ போனது அவனுக்குத் தெரியும். ஆனாலும் நேத்து போன் பண்ணினான். சக்கரத்த என்ன பண்றதுன்னு கேட்டான். நான் என்ன சொல்றது?"